ஏழாவது காசு

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே மங்கையர்க்கரசி விளக்குத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டு. அதில் ஒரு சிட்டிகை விபூதி. வெள்ளி விளக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கறுத்துக் கிடந்த வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டியது. பாலிகஞ்சில் இருக்கிற அந்த மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் அவளுக்கென்று ஓர் அறை கிடையாது, அலமாரியில் ஒரு தட்டுகூடக் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கு மட்டும் அவளுடையது. எட்டு மாதத்துக்கு முன் மகளையும் ஒரு சூட்கேஸையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள், மறுவாரமே அந்த வேலையை மதினியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அண்ணன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்க வேண்டாமா?

"செம்பையும் சேத்துத் தேச்சிரு மங்கை," என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் மதினி மாதவி.

"புளி ஊறப் போட்டிருக்கேன் மதினி. வந்து தேய்க்கேன். பத்து மணிக்குக் கிளம்பணும்னு அண்ணாச்சி சொன்னாவ."

வெள்ளிக்கு விபூதி, செம்புக்குப் புளி. அந்தக் குடும்பம் திருநெல்வேலியை விட்டு வந்து நூறு வருஷம் ஆகிறது. வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வருகிறது. ஆனாலும் இது மட்டும் அந்த வீட்டுப் பெண்களுக்கு மறக்கவில்லை.

ஹாலில் பாயைச் சுருட்டிக்கொண்டே மகள் ஸ்னேகா கேட்டாள். "மா, இன்னிக்கு ரிசல்ட் வந்துடுமில்ல? சாயங்காலம் நான் பெயின்ட் கார்டு வாங்கிட்டு வரட்டா? என் ரூமுக்கு மஞ்சள் வேணும்."

"எது உன் ரூமு? இருக்கறதே ஒண்ணரை ரூமு."

"அந்த அரை ரூம் என்னுது. ஜன்னலைத் திறந்தா குளம் தெரியுமே, அது."

மங்கை சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இன்றும் ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தச் சிரிப்புக்கு ஆயுசு மதியம் வரைதான்.

புதிதாக இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மங்கையின் அப்பா பொன்னம்பலம் பிள்ளை கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. பழைய காசு ஒன்றுதான் பித்து. போகும்போது ஃப்ளாட்டை மகன் சந்தானத்துக்கும், பொறுக்கி எடுத்த ஏழு காசுகளை மகளுக்கும் எழுதி வைத்தார். ஆறு வெள்ளி, ஒரு செம்பு. வெள்ளியில் பெரியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து 'பன்றி ரூபாய்'. ராஜாவின் அங்கியில் பொறித்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் முணுமுணுக்க, சர்க்கார் திரும்ப வாங்கி உருக்கியதில் தப்பிப் பிழைத்தது.

ஏழுமே ஒரு தரநிர்ணயக் கம்பெனி சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் இருந்தன. எழுபதுக்கு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று ஒவ்வொன்றுக்கும் மார்க்கு. ஆனால் பெரிய ஆட்கள் அந்தக் கம்பெனி மார்க்கை மதிப்பதில்லையாம். வேறொரு கம்பெனியின் பெட்டியில் அதே மார்க்கோடு வந்தால் மூன்று பங்கு தருவதற்கு ஆள் இருக்கிறது என்றார் நாணய வியாபாரி இஸ்மாயில். அந்த மூன்று பங்கு கைக்கு வந்தால், கணவன் லோகநாதனின் டம்டம் வீட்டை விட்டு வெளியேறிய மங்கைக்கு பெஹாலாவில் ஒன்றரை அறை ஃப்ளாட். தன் பெயரில், தன் சாவி.

இரண்டு மாதத்துக்கு முன் இஸ்மாயில் மூலமாக அந்தக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அனுப்பியது எப்படி என்பதில்தான் அண்ணாச்சி தன் சாமர்த்தியத்தைக் காட்டினார். "பெட்டியோடு அனுப்புங்கள். குறைந்தபட்ச மார்க்கு இவ்வளவு என்று ஃபாரத்தில் எழுதிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் தொடாமல் அப்படியே திருப்பிவிடுவார்கள்," என்று இஸ்மாயில் படித்துப் படித்துச் சொன்னார். சந்தானம் கேட்கவில்லை. பழைய மார்க்கைப் பார்த்தால் புதியவன் அதற்கு மேலே போட மாட்டான், அப்பா கண் தேர்ந்தெடுத்த காசுக்கு இன்னும் இரண்டு மார்க்கு வரும் என்று சொல்லி, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கட்டிங் பிளேயரை எடுத்து ஏழு பெட்டிகளையும் உடைத்தார். காசுகளைச் சின்னச் சின்னக் காகித உறைகளில் போட்டு, முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார். சனிக்கிழமை காலை அந்த உறைகளை அப்படியே அட்டைப் பெட்டியில் அடுக்கி சீல் வைத்தார்.

நேற்று இஸ்மாயில் போன் செய்தார். பெட்டி வந்துவிட்டது, ஜும்மா தொழுகைக்குக் கடை அடைப்பதற்கு முன் நேரில் வாருங்கள் என்றார். மார்க்கு என்ன என்று கேட்டதற்கு, "நேரில் வாருங்கள் தாதா," என்று மறுபடியும் அதையே சொன்னார். அங்கே தாதா என்றால் அண்ணன்.

"நல்ல சேதிய ஆளு முன்னாலதான் சொல்லுவாரு," என்றார் சந்தானம். ஐம்பத்தெட்டு வயது, பாங்கு ஆபீசர், நாணயச் சங்கத்தில் முன் வரிசை நாற்காலி. அவருக்கு எப்போதும் நல்ல அர்த்தம்தான் முதலில் தோன்றும்.

நியூ மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தச் சந்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிப் பாதி வழியை அடைத்திருந்தார்கள். டாக்ஸியை முனையிலேயே விட்டுவிட்டு அண்ணனும் தங்கையும் மூங்கிலுக்கு நடுவே குனிந்து போனார்கள்.

இஸ்மாயில் எழுந்து நின்று சலாம் சொன்னார். மேஜையில் பச்சைத் துணி விரித்து, ஏழு புதுப் பெட்டிகளையும் வரிசையாக வைத்திருந்தார். அவர் பேசியது இந்தி. நமக்குத் தமிழில் போதும்.

"முதலில் தண்ணீர் குடியுங்கள் தாதா."

சந்தானம் தண்ணீரைத் தொடவில்லை. முதல் பெட்டியை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுக்காமல் முதலாவதையே திரும்ப எடுத்ததை மங்கை பார்த்தாள். ஆனால் காசுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு பளிச்சென்று இருந்தன. மார்க்கு இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை, ஓர் ஆங்கில வார்த்தை இருந்தது. வாய்விட்டுப் படித்தாள்.

"க்ளீன்ட். சுத்தமா இருக்குன்னு போட்டிருக்கானா அண்ணாச்சி? நல்லதுதான?"

சந்தானம் பெட்டியைத் துணிமேல் திரும்ப வைத்தார்.

"பெஹன்ஜி," என்றார் இஸ்மாயில், மெதுவாக. "எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. நூறு வருஷத்தில் வெள்ளி மேல் தானாக ஒரு கறுப்பு, ஒரு நீலம் படியும். வாங்குகிறவன் காசு கொடுப்பதே அதற்குத்தான். யாரோ இந்த ஆறையும் துடைத்திருக்கிறார்கள். துடைத்த காசுக்கு மார்க்கு கிடையாது. போனது போனதுதான், திரும்ப வராது."

"அங்க போன எடத்துல எவனாவது..." என்று சந்தானம் ஆரம்பித்தார்.

இஸ்மாயில் மொபைலைத் திருப்பிக் காட்டினார். "சீலை உடைத்ததும் அவர்கள் எடுத்த படம். அப்போதே இப்படித்தான். என்னிடம் வந்தது நீங்கள் சீல் வைத்த பெட்டி. நான் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. துடைத்தது அதற்கு முன்னால்."

பிறகு பூதக்கண்ணாடியை நீட்டினார். சந்தானம் பன்றி ரூபாயின் மேல் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"கோடு கோடா இருக்கு," என்றார் கடைசியில். "வட்டம் வட்டமா. ஏதோ பொடியப் போட்டுத் துணியால தேச்சிருக்கான்."

மங்கை தன் கையைப் பார்த்தாள்.

பெட்டிகளை உடைத்த மறுநாள், அந்த வெள்ளிக்கிழமை. விளக்கைத் தேய்த்து முடித்துப் படத்துக்கு முன்னால் வைக்கும்போது அந்த உறைகளைப் பார்த்தாள். திறந்து பார்த்தாள். ராஜா கழுத்தில் கறுப்பு, ராணி கன்னத்தில் கறுப்பு. நாளைக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையை முகம் கழுவாமல் யாராவது அனுப்புவார்களா? சின்ன வயதில் அவள் காசுப் பக்கம் போனாலே அப்பா அதட்டுவார். "ஏளா, தொடாத. கையில எண்ணெய் இருக்கும்." அண்ணனை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பார். ஏன் தொடக் கூடாது என்று அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. எண்ணெய்தான் குற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால் அன்றைக்கு சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினாள். அப்புறம்தான் தொட்டாள்.

ஆறு வெள்ளிக் காசும் பத்து நிமிஷத்தில் பளபளவென்று ஆகிவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. மார்க்கு வரட்டும், அப்பாவும் அண்ணாச்சியும் மட்டுமா காசு பார்ப்பார்கள், நானும் ஒரு கை கொடுத்தேனாக்கும் என்று அன்றைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

"இந்தச் செம்புக் கால் அணா மட்டும் தப்பித்திருக்கிறது," என்று இஸ்மாயில் ஏழாவது பெட்டியைத் தள்ளி வைத்தார். "அறுபத்து நான்கு. பழைய பெட்டியில் அறுபத்து மூன்று. நீங்கள் நினைத்தது சரிதான் தாதா, ஒரு மார்க்கு கூட வந்திருக்கிறது. மற்றதும் துடைக்காமல் போயிருந்தால் எல்லாமே கூடத்தான் வந்திருக்கும்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார், பாவம். அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை.

"வாங்குதேன்னு சொன்னவரு?" என்று கேட்டார் சந்தானம்.

"செம்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அது எந்த மூலைக்கு? வெள்ளியை எடைக்கு மேலே கொஞ்சம் போட்டு நானே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பெஹன்ஜிக்கு அதில் வீடு வராது."

கடையை அடைக்கிற நேரம் வந்துவிட்டது. இஸ்மாயில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், போங்கள் என்று சொல்ல வாய் வராமல்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் சந்தானம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி புலம்பிக்கொண்டே வந்தார்.

"ஒரு தடவ உறையத் திறந்து பாத்திருக்கலாம். அந்த மனுசன் தலதலயா அடிச்சிக்கிட்டாரு, பெட்டிய உடைக்காதியன்னு. கேட்டனா? எம் புத்திய என்ன சொல்ல?" கொஞ்ச தூரம் போனதும், "செம்பு மட்டும் எப்படி தப்பிச்சிது?" என்றார்.

மங்கைக்குத் தெரியும் எப்படித் தப்பித்தது என்று. செம்புக்கு விபூதி ஆகாது. அன்றைக்குப் புளி ஊறவில்லை, தான் பார்த்துவந்த பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்கு அவளுக்கு நேரமாகிவிட்டது. புளி ஊறியிருந்தால் ஏழாவதும் போயிருக்கும்.

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை நினைத்தாள். பார்க் ஸ்ட்ரீட் சிக்னலில் வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து மொபைல் அடித்தது. பெஹாலா ஃப்ளாட்டுக்கு ஏற்பாடு செய்த ரஞ்சன்.

"தீதி, ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் பக்காதானே? மெட்ரோ பக்கம் வேற, இன்னொரு பார்ட்டி கதவைத் தட்டுது."

"ஆச்சா," என்றாள். சரி என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் வங்காளத்தில் அந்த ஒரு வார்த்தை போதும். மொபைலை மடியில் கவிழ்த்து வைத்தாள். வாய் வரைக்கும் வந்தது உள்ளேயே போய்விட்டது. அழுகையும் வரவில்லை. அழ முடிந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஸ்னேகா நான்கு மணிக்குக் கல்லூரியிலிருந்து வந்தாள். கையில் பெயின்ட் கார்டு. இருபது வயதுப் பெண். டம்டம் வீட்டில் அப்பா அம்மாவைக் கை நீட்டி அடித்த இரவில், "போதும் மா, வா போலாம்," என்று சூட்கேஸை எடுத்தவள் அவள்தான். இந்த எட்டு மாதமும் லோகநாதன் வாரம் தவறாமல் போன் செய்து, "என் வீட்டுக் கதவு உனக்கு மட்டும் திறந்துதான் இருக்கு," என்று சொல்லிவந்தார். அவள் வாரம் தவறாமல், "வேண்டாம்," என்று சொல்லிவந்தாள். பெஹாலாவில் ஒரு ஜன்னல் அவளுக்காகக் காத்திருந்தது, அதனால் சொல்ல முடிந்தது.

ஹாலில் மாமாவும் அம்மாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கார்டைக் கீழே வைத்தாள்.

சந்தானம்தான் சொன்னார். ஆறு காசு, துடைத்தது, மார்க்கு இல்லை, வீடு இல்லை. நான்கே வாக்கியம்.

"யாரு துடைச்சது?" என்று கேட்டாள் ஸ்னேகா.

சந்தானம் கையை விரித்தார்.

"உங்க வீட்டுக்குள்ள நடந்திருக்கு மாமா. நீங்க உடைச்சீங்க, நீங்க உறையில போட்டீங்க, நீங்க சீல் வெச்சீங்க. நடுவுல யாரு வந்தாங்க? பூதமா?" அவள் குரல் ஏறியது. "இல்ல, அது தாத்தாவோட காசுதானா? வேற காசை வெச்சு அனுப்பிட்டு ஒரிஜினலை எங்கேயாவது..."

"ஸ்னேகா!" என்றாள் மங்கை.

"சும்மா இரு மா! உனக்கு எல்லாரும் நல்லவங்க. அப்பாவையும் இருபது வருஷம் நல்லவர்னுதான் சொன்னே." அவள் கண்ணில் நீர் நின்றது. "அந்தக் குளத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்து படிப்பேன்னு எவ்ளோ... சே, தூர்! யாரு செஞ்சிருந்தாலும் சரி, சாகற வரைக்கும் அவங்க முகத்துல முழிக்க மாட்டேன். காளி மேல சத்தியம்."

சந்தானத்துக்கு முகம் சிவந்துவிட்டது. திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாளே. முப்பத்தைந்து வருஷம் பாங்கில் ஒரு பைசா பிசகாத மனுஷர். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அவர் பார்வை சுவரோரம் இருந்த பூஜை அலமாரியில் விழுந்தது.

முருகன் படத்துக்கு முன்னால் வெள்ளி விளக்கு பளபளவென்று நின்றது. பக்கத்தில் விபூதி சம்புடம். அதன் பக்கத்தில் செம்பு, கறுத்துப்போய், தேய்க்காமல். கீழே ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது.

விளக்கைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். மறுபடியும் விளக்கைப் பார்த்தார். அப்புறம் தங்கையைப் பார்த்தார்.

மங்கை தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்து நகக்கண்ணில் ஒட்டியிருந்த விபூதி இன்னும் போகவில்லை. முந்தானைக்குள் கையை மறைத்தாள்.

"நாந்தான்," என்றார் சந்தானம்.

"என்ன?"

"நாந்தான் தொடச்சேன். அழுக்கா இருந்திச்சி. கொஞ்சம் பளிச்சினு இருந்தா ரெண்டு மார்க்கு கூடப் போடுவான்னு நெனச்சேன்."

"நீங்களா?" என்று அடுக்களை வாசலிலிருந்து மாதவி கேட்டாள். "கல்யாணம் ஆகி முப்பது வருசத்துல ஒரு டம்ளர் கழுவிருக்கியளா? நீங்க காசு தொடச்சியளாக்கும்?"

"நீ சும்மா கெடட்டி."

அந்த அதட்டல் அவர் குரலில் சரியாக உட்காரவில்லை. மாதவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள். விளக்கு, செம்பு, புளிக் கிண்ணம். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்னேகா மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் ஒவ்வொரு பூஜைக்கும் இந்த மாமாவின் தோளில் உட்கார்ந்துதான் அவள் பந்தல் பந்தலாகப் போயிருக்கிறாள்.

"காசு காசுன்னு ஊரெல்லாம் லெக்சர் கொடுத்தீங்க. துடைக்கக் கூடாதுன்னு எனக்கே சொல்லிக்கொடுத்தது நீங்கதான்," என்றாள். "அது எங்க வீடு மாமா."

அவர் தலையாட்டினார். அவள் சூட்கேஸ் இருக்கும் மூலைக்குப் போனாள்.

பால்கனியில் துணி எடுக்கிற சாக்கில் மங்கை அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எதுக்கு இப்பிடி... நாந்தான் அன்னிக்கி..."

"தெரியும். சத்தம் போடாத." சந்தானம் கீழே போகிற ரிக்ஷாவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவளுக்கு உன்னைய விட்டா யாரு இருக்கா? என் முகத்துல முழிக்காட்டி போறா. எனக்கு நல்லா வேணும். பெட்டிய உடைச்சது நாந்தான? ரெண்டு நாளு கோவமா இருப்பா, அப்புறம் சரியாயிரும்."

முன்பே சொன்னேன், அவருக்கு எப்போதும் நல்ல அர்த்தம்தான் முதலில் தோன்றும்.

உள்ளே ஸ்னேகா மொபைலில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாம்ப்பா. இன்னிக்கே. நான் மட்டும்தான்."

மங்கை கையிலிருந்த துணிகளைப் போட்டுவிட்டு ஓடினாள். சூட்கேஸ் வாசலுக்குப் போயிருந்தது. அதே சூட்கேஸ்தான், எட்டு மாதத்துக்கு முன் வந்த அதே.

"எங்கம்மா போற? அந்த மனுசன் உன்ன மறுபடி அந்த வீட்டை விட்டு வெளிய விடுவாரா?"

"தெரியும். படிப்பை நிறுத்திடுவார், எனக்குன்னு பார்த்து வெச்ச அந்த அசன்சோல் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வருவார். பரவாயில்ல. இவர் வீட்டுச் சோத்தை இனிமே என்னால சாப்பிட முடியாது மா." ஸ்னேகா படியில் இறங்கினாள். முதல் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். கோபம் போய், சின்னப் பெண்ணின் முகம் வந்திருந்தது. "நான் இங்க இருக்கறதுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லு. சொன்னா போகல."

காரணம் ஒன்றுதான் இருந்தது. உன் மாமா செய்யவில்லை, நான் செய்தேன். அதைச் சொன்னால் மாமா மேல் பழி இருக்காது, இந்த வீட்டில் இருக்கலாம். ஆனால் சாகிற வரைக்கும் முழிக்காத முகம் அம்மாவின் முகமாகிவிடும். சொல்லாவிட்டால் பெண் போகிறாள். சொன்னாலும் போகிறாள்.

கீழே அவள் வரவழைத்த வாடகைக் கார் ஹாரன் அடித்தது. பக்கத்து ஃப்ளாட்டுக் கதவு லேசாகத் திறந்தது.

"மா?"

மங்கை வாயைத் திறந்தாள்.

"ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போயேன்," என்றாள்.

ஸ்னேகா சூட்கேஸை இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அதன் சக்கரம் இடித்த சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. கார்க் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. மங்கை பெற்ற பெண்ணிடம் இப்படி ஒரு பொய்யை ஒரு நாளும் சொன்னதில்லை. சாப்பிட்டுப் போ என்றதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதுதான் கொடுமை.

விளக்கு ஏற்றும் நேரமாயிற்று. சந்தானம் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். மங்கை பூஜை அலமாரியின் முன் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஏழாவது பெட்டி. உள்ளே செம்புக் கால் அணா, கறுப்பும் சிவப்புமாக, யார் கையும் படாமல். அறுபத்து நான்கு. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, காலையில் சொன்னபடி செம்பைத் தேய்க்கலாம் என்று புளித் தண்ணீரில் கையை விட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாதவி வந்து எதிரே உட்கார்ந்தாள். காலையில் விளக்குத் தேய்த்த வேட்டித் துண்டை நான்காக மடித்து, மங்கையின் முன்னால் வைத்தாள்.

"வீடு போனதுக்கு நான் உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டேன் மங்கை. தெரியாமச் செஞ்சது. எனக்கே தெரியாது தொடைக்கக் கூடாதுன்னு, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." அவள் குரல் தணிந்தே இருந்தது. "ஆனா உள்ள படுத்திருக்காவளே, அவிய அழுதத நான் இந்த முப்பது வருசத்துல பாத்ததில்ல. இப்ப பாத்துட்டு வாரேன். எம் மனுசன் திருட்டுப் பேரு சுமக்க நான் விட மாட்டேன். நாளைக்கு டம்டம் போயி அவகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

மங்கை கையைப் புளித் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.